நரம்பு உளவியல் சோதனைக்குப் போகிறீர்களா? உள்ளே நடப்பது இதுதான்

"தலைமுடியை எடுக்கணுமா?"

சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சிரிப்பதற்கில்லை. 'நரம்பு உளவியல் சோதனை' என்று காதில் விழுந்தால் ஒயர், ஊசி, இருட்டறை, உறுமுகிற மெஷின் என்றுதான் யாருக்கும் மனசு போகும். உண்மையில் அந்த அறையில் இருப்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கொஞ்சம் தாள், பென்சில், ஸ்டாப்வாட்ச், சில படங்கள், சில கட்டைகள். சில இடங்களில் ஒரு டேப்லட்டும் இருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார், சின்னச் சின்ன வேலை கொடுப்பார். நீங்கள் சொல்வீர்கள், வரைவீர்கள், அடுக்குவீர்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, முடியை யாரும் தொடமாட்டார்கள்.

நேரம்தான் பிடிக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம், சிலருக்கு ஆறேழு மணி நேரம்கூட. நடுவில் இடைவேளை உண்டு. ஒரே மூச்சில் முடியாதவர்களுக்கு இரண்டு நாளாகப் பிரித்து வைப்பார்கள். முடித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக இருப்பார்கள். "சின்னப் பிள்ளை மாதிரி கட்டை அடுக்கச் சொல்றாங்க, இதுக்கா வரச் சொன்னாங்க?" என்று எரிச்சலோடு சிலர். "ஒண்ணுமே சரியாச் சொல்லல, போச்சு" என்று முகம் வாடிப்போய்ச் சிலர். இது எதற்காக, எப்படி நடக்கும் என்று முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இரண்டு பேருமே இப்படி வந்திருக்கமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்தாச்சே, இது வேறு எதற்கு?

வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவரில் விரிசல் இருப்பது தெரியும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது போட்டோவில் தெரியாது. திருகித்தான் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் மூளையின் போட்டோ. தலையில் அடிபட்டு சில நிமிடம் தடுமாறி எழுந்த ஒருவருக்கு ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். ஆனால் வேலைக்குத் திரும்பினால் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் தலை கனத்துவிடுகிறது. வயதான இன்னொருவரின் ஸ்கேனில் மூளை சுருங்கியிருப்பது பளிச்சென்று தெரியும். அவரோ வீட்டுக் கணக்கு வழக்கு முழுவதையும் விரல் நுனியில் வைத்திருப்பார். கவனம், நினைவு, பேச்சு, திட்டமிடுவது, இடம் திசை பிடிபடுவது எல்லாம் நடைமுறையில் எப்படி ஓடுகின்றன என்று குழாய் குழாயாகத் திருகிப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

ஏன் தனித்தனியாகத் திருக வேண்டும், 'மூளை எப்படி இருக்கிறது' என்று மொத்தமாக ஒரு மார்க் போட்டுவிடக் கூடாதா? இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஹென்றி மொலைசன் கதையைத்தான் சொல்வேன். அமெரிக்காவைச் சேர்ந்த அவருக்குத் தீராத வலிப்பு. 1953-ல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு பார்த்தது, கேட்டது, சந்தித்த ஆள் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சிறிது நேரம் முன்பு பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள்.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைச் சோதித்தார். அறிவுத்திறன் எண் 112, அதாவது சராசரியான 100-க்கு மேலே. நினைவாற்றல் எண் 67. ஒரே மனிதர், ஒரே தலை! பேசினால் தெளிவாகப் பேசுவார். சற்றுக் கழித்துப் பேசியதே தெரியாது. இன்னொரு விநோதமும் உண்டு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் கடினமான வேலையை மில்னர் கொடுத்தார். மூன்று நாளில் மொலைசனின் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், 'இதை நான் செய்ததே இல்லை' என்பதுதான் அவருடைய எண்ணம். கை கற்றது தலைக்குத் தெரியவில்லை. நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள்ளேயே பல அறைகள் இருக்கின்றன, ஒன்று இடிந்தாலும் மற்றது நிற்கும் என்பது இப்படித்தான் விளங்கியது. 2008-ல் அவர் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் வெறும் 'எச்.எம்.'

அதனால்தான் உங்களுக்கும் ஒன்றுக்குப் பதில் பதினைந்து இருபது சின்னச் சோதனைகள்.

யாரை அனுப்புவார்கள்?

பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், மறதி கூடிக்கொண்டே போகிறது என்று வீட்டார் கவலைப்படுகிறவர், வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று யோசிக்கப்படுகிறவர், பார்கின்சன் நோய்க்காரர், மூளைக் கட்டி எடுத்தவர், புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு தலை மந்தமாக இருக்கிறது என்பவர், படிப்பில் காரணம் புரியாமல் திணறும் பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். வலிப்பு அறுவைக்கு முன்னால் இந்தச் சோதனை மிக முக்கியம். வெட்டப்போகும் பகுதியில் நினைவும் பேச்சும் எவ்வளவு குடியிருக்கின்றன என்பதை மற்ற பரிசோதனைகளோடு இதையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். மொலைசனுக்குக் கிடைக்காத முன்னெச்சரிக்கை அது.

இதை நடத்துபவர் நரம்பு உளவியலாளர், அல்லது அவரிடம் பயிற்சி பெற்ற ஒருவர். பொதுவாக இவர் மாத்திரை எழுதித் தருபவர் இல்லை. உங்களை இங்கே அனுப்பியதற்கு, "உங்களுக்குப் பைத்தியம் என்று டாக்டர் நினைக்கிறார்" என்று பொருள் கிடையாது. இந்தச் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

முதலில் பேச்சு

கட்டை, பென்சில் எல்லாம் பிறகுதான். முதல் ஒரு மணி நேரம் வெறும் பேச்சாகவே இருக்கலாம். எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எதுவரை படித்தீர்கள்? என்ன வேலை? வீட்டில் எந்த மொழி? தூக்கம் எப்படி? என்னென்ன மாத்திரை? குடிப்பழக்கம்? வலது கையா, இடது கையா? இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். கை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. இடது கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான், ஆனால் விதிவிலக்குகள் அதிகம். ஒரே இடத்தில் அடிபட்ட இரண்டு பேருக்குப் பாதிப்பு வேறாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

கூட வந்தவரிடமும் பேசுவார்கள், பெரும்பாலும் தனியாக. கோள் சொல்ல வைப்பதற்காக இல்லை. மூளை நோய்கள் சிலவற்றில், எதை இழந்தோம் என்று உணரும் திறமையும் சேர்ந்தே போய்விடுகிறது. "எனக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது" என்று தேதி வாரியாகப் பட்டியல் போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கவலை வராது. தேதி வாரியாகச் சொல்லும் அளவுக்கு ஞாபகம் இருக்கிறதே! "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சிரிக்க, பக்கத்தில் மனைவி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்பேன். இது விதி இல்லை, பழக்கத்தில் வந்த ஒரு ஜாக்கிரதை.

பதினைந்து சொற்கள்

இனி சோதனைக்கு வருவோம். ஒன்றை மட்டும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். நான் இங்கே சொல்லும் சொற்கள் நானே இட்டுக்கட்டியவை. உண்மையான சோதனைச் சொற்களைப் பொதுவில் போடுவதில்லை, அதன் காரணம் பிறகு.

எதிரே இருப்பவர் நிதானமாக, நொடிக்கு ஒன்று வீதம், 15 சொற்களைச் சொல்கிறார்: குடை, ஆறு, மணி, தச்சர், கிளி, ஏணி... முடித்ததும், "ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள், வரிசை முக்கியமில்லை" என்கிறார். நீங்கள் ஐந்தோ ஆறோ சொல்வீர்கள். மீண்டும் அதே பட்டியலை முழுதாகப் படிக்கிறார், மீண்டும் சொல்கிறீர்கள். இப்படி ஐந்து தடவை. பிறகு வேறு சொற்கள் உள்ள இன்னொரு பட்டியல் ஒரு தடவை. அப்புறம் அதை விட்டுவிட்டுப் படம், கட்டை என்று வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இருபது முப்பது நிமிடம் கழித்து, நீங்கள் மறந்தே போன நேரத்தில், "முதலில் ஒரு பட்டியல் படித்தேனே, அதில் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்" என்பார். கடைசியாக ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, "இது அந்தப் பட்டியலில் இருந்ததா, இல்லையா?" என்று கேட்பார்.

இந்த மாதிரிச் சோதனையை வகுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆந்த்ரே ரே, 1940-களில். எண்பது வருஷம் ஆகியும் இது அழியாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று பேரை வைத்துப் பாருங்கள்.

முதல் ஆள் ஐந்து தடவையில் 5, 8, 10, 11, 12 என்று ஏறுகிறார். அரை மணி கழித்து 11 சொல்கிறார். கற்கிறார், தங்குகிறது. இவரிடம் நினைவுக் குழாய் ஒழுகவில்லை.

இரண்டாம் ஆள் 4, 5, 5, 6, 6. ஐந்து தடவை கேட்டும் பெரிதாக ஏறவில்லை. அரை மணி கழித்துக் கேட்டால், "பட்டியலா? எந்தப் பட்டியல்?" சொல்லிச் சொல்லிக் கேட்டபோது, இல்லாத சொற்களுக்கும் 'இருந்தது' என்கிறார். இவருக்குள் சரக்கு போய்ச் சேரவே இல்லை. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்படும் அல்சைமர் நோயின் ஆரம்பத்தில் அடிக்கடி காணும் சாயல் இது.

மூன்றாம் ஆள் 4, 6, 7, 8, 8. அரை மணி கழித்து நாலே நாலுதான் வருகிறது. திணறுகிறார், நெற்றியைத் தேய்க்கிறார். ஆனால் 'இருந்ததா, இல்லையா' என்று கேட்டதும் 15-க்கு 14 சரி. சரக்கு கிடங்குக்குள் இருக்கிறது; எடுத்து வருகிற ஆள்தான் தடுமாறுகிறார். மனச்சோர்வு, பார்கின்சன், மூளையின் சின்ன ரத்தக் குழாய்களில் ஏற்படும் பாதிப்பு போன்றவற்றில் இப்படி வரலாம்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் வீட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பார்கள், இருவரும் சாவியைத் தேடுவார்கள். ஆனால் மூன்றாமவர் கண்ணில் படும்படி ஒரு சீட்டு ஒட்டி வைத்தால் வேலை நடந்துவிடும். ஒரு சின்னக் குறிப்பு போதும், பிடித்துக்கொள்வார். இரண்டாமவருக்குச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்பதே நிற்காது. அவரை நம்பி எதையும் விடாமல், வீட்டையே அவருக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். எத்தனை சொற்கள் என்பதைவிட, எந்தப் படியில் கால் இடறியது என்பதுதான் பலமடங்கு முக்கியம். இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கடிகாரம் வரைவது இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். மிகவும் பிரபலமான சோதனை என்பதால் சொல்வதில் தவறில்லை. வட்டம் போட்டு எண்களை எழுதி, பதினொன்று பத்து மணி காட்டச் சொல்வார்கள். சிலர் சின்ன முள்ளை 11-க்கு வைத்துவிட்டு, பெரிய முள்ளை 10-க்கே வைத்துவிடுவார்கள். 'பத்து' என்ற சொல் காதில் விழுந்தது, 10 என்ற எண் கண்ணில் பட்டது, கை அங்கே போய்விட்டது. பத்து நிமிடம் என்றால் பெரிய முள் 2-ல் நிற்க வேண்டும் என்று தன்னை நிறுத்தி யோசிக்கும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. வேறொருவர் 12 எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு முடிந்தது என்பார். அவருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் இல்லை. வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களிடம் காணலாம். இரண்டு படமும் தப்புத்தான், இரண்டுக்கும் மார்க் குறைவுதான். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

மற்ற வேலைகள்

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண்களை வரிசையாகச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், பிறகு பின்னாலிருந்து. முன்னால் சொல்வது எளிது, பின்னாலிருந்து சொல்வதற்கு எண்களை மனசுக்குள் பிடித்துக்கொண்டு புரட்ட வேண்டும். தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை 1, 2, 3 என்று கோடு இழுத்து இணைக்கச் சொல்வார்கள். அப்புறம் எண், எழுத்து, எண், எழுத்து என்று மாற்றி மாற்றி. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்பார்கள், அல்லது 'க' என்று தொடங்கும் சொற்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். "அதுதான்... கதவுல போட்டுப் பூட்டுவோமே... வாய் வரைக்கும் வருது" என்று நிற்பவருக்குப் பொருள் தெரியும், பெயர்தான் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்வார்கள். வண்ணக் கட்டைகளை மாதிரிப் படத்தைப் போல அடுக்கச் சொல்வார்கள். சின்னக் குச்சிகளைத் துளைகளில் செருகச் சொல்லி, வலது கை இடது கை வேகத்தைப் பார்ப்பார்கள்.

பலரும் வெளியே வந்து பேசுவது ஸ்ட்ரூப் சோதனையைப் பற்றித்தான். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 'பச்சை' என்று சொல்ல நினைத்தாலும் நாக்கு 'சிவப்பு' என்று ஓடும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்டது. வாசிப்பு நமக்கு அவ்வளவு ஊறிப்போயிருப்பதால், அதை அடக்கிப் பிடிக்கத் தனி உழைப்பு வேண்டியிருக்கிறது. எல்லோருக்குமே தடுமாறும். எவ்வளவு தடுமாறுகிறது என்பதுதான் பார்க்கப்படுவது.

கடைசியில் மனநிலை பற்றிச் சில கேள்வித்தாள்கள் இருக்கும். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஈடுபாடு இருக்கிறதா, பதற்றம் உண்டா என்று. சம்பிரதாயம் என்று அலட்சியமாக டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். மனச்சோர்வு மட்டுமே ஒருவரின் கவனத்தையும் நினைவையும் கணிசமாகக் கீழே இழுத்துவிடும். தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, சில மாத்திரைகள் எல்லாம் அப்படித்தான். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை.

எதிரே இருப்பவர் ஏன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்?

சரியா தப்பா என்று சொல்லமாட்டார். "நல்லா யோசிங்க, வந்துடும்" என்று எடுத்துக் கொடுக்கமாட்டார். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் வராது. பலருக்கு இது மனசில் தைக்கிறது. அவர் முரட்டு ஆள் இல்லை. உங்களுக்கு வாசிக்கும் வாக்கியம், வேகம், இடைவெளி எல்லாம் இதே சோதனையைச் செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் ஒரு துப்பு கொடுத்துவிட்டால் பிறகு யாரோடும் ஒப்பிட முடியாது.

இன்னொன்று. பல சோதனைகள் எளிதாகத் தொடங்கி, உங்களால் முடியாமல் போகும்வரை ஏறிக்கொண்டே போகும்படி செய்யப்பட்டவை. வரிசையாகச் சில தப்பு வந்த பிறகுதான் நிறுத்துவார்கள். எனவே யாராக இருந்தாலும், பேராசிரியராகவே இருந்தாலும், இந்த மாதிரிச் சோதனை ஒவ்வொன்றும் அவருடைய தோல்வியில்தான் முடியும். "ஒண்ணுமே சரியாச் சொல்லல" என்ற அந்த வாடின முகத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கடைசியாக மனதில் நிற்பது முடியாமல் போனவைதானே.

முழு முயற்சி போடுகிறீர்களா என்று பார்க்கும் சோதனைகளும் ஊடே இருக்கும். எது அது என்று சொல்லமாட்டார்கள். பொய்க்காரரைப் பிடிக்கும் பொறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியோ, சோர்வோ, 'இதெல்லாம் வேஸ்ட்' என்ற வெறுப்போ முயற்சியைக் குறைத்திருந்தால் அந்த எண்களை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான். முடியவில்லை என்றால் சொல்லிவிட்டு இடைவேளை கேளுங்கள். அது உங்கள் உரிமை.

போவதற்கு முன்

முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளை வழக்கம்போல் போடுங்கள். நிறுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். மாத்திரைப் பட்டியல், பழைய ஸ்கேன் ரிப்போர்ட், பள்ளி மார்க் பட்டியல் இருந்தால் அதுவும் உதவும். காய்ச்சல், சளி, கடுமையான தலைவலி என்றால் போன் செய்து நாளை மாற்றிக்கொள்வது நல்லது.

மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கட்டாயம். ஒரு தடவை பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. படங்களில் எல்லாம் தடுமாறுகிறார், பெயர் வரவில்லை, கோடு எங்கோ போகிறது. கண் பார்த்ததை மூளை புரிந்துகொள்வதில்தான் சிக்கல் போலிருக்கிறது என்று நானும் தீவிரமாகக் குறித்துக்கொண்டே வந்தேன். இடைவேளையில் மகள் பையைத் திறந்து, "அப்பா, கண்ணாடி எங்கிட்டயே இருக்கு" என்றார். மற்றவர்களைச் சொல்வானேன், முதலிலேயே கேட்காதது என் தப்பு. அந்தப் பகுதிகளை அன்று திரும்பச் செய்யவும் முடியவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டாரே. வேறு சோதனைகளைத் தேடிப் போட்டு இன்னொரு நாள் செய்தோம்.

மொழி விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் செய்வதுதான் நியாயம். பழக்கமில்லாத மொழியில் சொற்பட்டியல் வைத்தால் அது மொழியைத்தான் அளக்கும், நினைவை இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது சரிவராது. "அம்மா சொல்ல வந்தது இதுதான்" என்று அன்பாகத் திருத்திவிடுவார்கள், தப்போடு அதன் தடயமும் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் வெளியாள் ஒருவரை முன்பே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடிப் பயிற்சி எடுத்துவிட்டுப் போகாதீர்கள். சொற்களை இங்கே போடாததன் காரணமும் இதுவே. பயிற்சியால் எண் கூடும், மூளை அப்படியேதான் இருக்கும். தேவையான உதவி கிடைக்காமல் போவது உங்களுக்குத்தான். அதே சோதனையைச் சீக்கிரமே திரும்பச் செய்யாமல், பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ விட்டுச் செய்வதும், மாற்றுப் பட்டியல்களைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

எண்கள் என்ன சொல்லும்?

மதிப்பெண் போட்டு, ஒப்பிட்டு, எழுதி முடிக்க நாள் பிடிக்கும். அன்றே முடிவு தெரியாது. உங்கள் எண்களை உங்கள் வயதுக்காரர்களோடு, இயன்ற இடத்தில் உங்களைப் போன்ற படிப்புள்ளவர்களோடு ஒப்பிடுவார்கள். 75 வயதுக்காரரை 25 வயதுக்காரரோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பல அளவுகளில் சராசரி 100 என்றும், மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் விழும்படியும் வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'பெர்சன்டைல்' என்று இருந்தால் பதறாதீர்கள். 30-வது பெர்சன்டைல் என்றால் 100-க்கு 30 மார்க் என்று பொருள் இல்லை. உங்களைப் போன்ற 100 பேரில் சுமார் 30 பேர் உங்களுக்குக் கீழே என்று பொருள், அது சராசரிக்குள்தான் வரும்.

இருபது சோதனை வைத்தால் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒன்றிரண்டில் எண் தாழ்வாக வரும். அதனால் ஒற்றைத் தாழ்வான எண்ணை வைத்து யாரும் நோய் என்று சொல்வதில்லை. ஒரே திறனைத் தொடும் இரண்டு மூன்று சோதனைகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா, வீட்டார் சொன்னதோடும் ஸ்கேனோடும் அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். மறுபக்கமும் உண்டு. முன்பு வெகு கூர்மையாக இருந்த ஒருவருக்கு இப்போது 'சராசரி' என்று வந்தால் அவருக்கு அது இறக்கம்தான். முன்பு எப்படி இருந்தார் என்று கணிக்க, முன்பே பழகியிருந்தால்தான் சரியாக வாசிக்க முடிகிற, உச்சரிப்பும் எழுத்தும் ஒட்டாத சொற்களை வாசிக்க வைக்கும் வழி ஆங்கிலம் போன்ற மொழிகளில் உண்டு. எழுதியதை ஏறக்குறைய அப்படியே வாசிக்கும் தமிழில் அந்த வழி பயன்படாது. படிப்பு, பார்த்த வேலை, வீட்டார் சொல்வது இவற்றை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நம் எழுத்துமுறையின் நேர்மையால் வந்த ஒரு சின்ன நஷ்டம்.

இந்தச் சோதனை மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடாது. அது மருத்துவர் மற்ற தகவல்களோடு சேர்த்துச் செய்யும் முடிவு. உங்கள் மனசில் இருக்கும் ரகசியம் எதையும் இது படிக்காது.

ரிப்போர்ட் யாருக்குப் போகும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்காக என்றால் பொதுவாக உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும். நீதிமன்றமோ, காப்பீட்டு நிறுவனமோ, வேலை கொடுத்தவரோ கேட்டுச் செய்யும் சோதனை என்றால் கணக்கு வேறு. கேட்டவர் கைக்கு அது போகலாம்.

முடிவைச் சொல்லும் சந்திப்பு

இதைத் தவறவிடாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் 'முடிவுரை'யை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைப்பவர்கள் ஏராளம். எது பலம், எது பலவீனம், நாளையிலிருந்து என்ன மாற வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். வண்டி ஓட்டலாமா? பண விவகாரத்தைத் தனியாகப் பார்க்கலாமா? மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? வேலைக்கு முழு நேரமா, பாதி நேரத்தில் தொடங்கலாமா? பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாமா? இதற்கெல்லாம் பதில் இல்லாத ரிப்போர்ட் அரைகுறை என்பது என் அபிப்பிராயம்.

சில சமயம் எண்களைவிட விளக்கம் பெரிய உதவியாகிவிடும். தலையில் அடிபட்ட பிறகு கணவர் எதையும் தானாகச் செய்வதில்லை, சொன்னால் செய்கிறார், இல்லையென்றால் நாள் முழுக்கச் சோபாவில் கிடக்கிறார் என்று ஒருவர் புலம்பினார். சோம்பல், வேண்டுமென்றே செய்கிறார், எனக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று செய்கிறார் என்று மாதக்கணக்கில் சண்டை. நினைவு, பேச்சு, கணக்கு எல்லாம் நன்றாகவே வந்தன. ஒரு நிமிடத்தில் மிருகங்கள் சொல்லச் சொன்னபோது மட்டும் நான்கு சொல்லிவிட்டு நின்றுவிட்டார். 'வீட்டு மிருகம்?' என்று பிற்பாடு தனியாகத் தூண்டியதும் மளமளவென்று வந்தது. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால், எதையும் தானாகத் தொடங்கி வைக்கும் விசை போய்விடலாம், இது ஆசையும் அன்பும் குறைந்ததால் இல்லை என்று சொன்னபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் காலையில என்ன சொல்லித் தொடங்கி வைக்கணும்?" என்று கேட்டு நோட்டை எடுத்தார்.

சுருக்கத்தோடு நிறுத்தாமல், எண்கள் உள்ள முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி ஒரு பிரதி பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறொருவர் சோதித்தாலும், கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.